நீர்நகரில் இரண்டு இரவுகள்

நீர்வழிகளால் புகழ்பெற்ற நகரங்கள் உலகில் பல உண்டு. இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் கால்வாய்களே தெருக்கள், படகுகளே வண்டிகள். நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரைக் கால்வாய்கள் வளையம் வளையமாகச் சூழ்ந்துள்ளன. கேரளத்து ஆலப்புழையில் கால்வாய் வழியே சரக்குப் படகுகள் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்த காலம் உண்டு. நம் மலேசியத் திருநாட்டில் இவ்வரிசையில் வைத்து எண்ணத் தக்கது மலாக்கா. அங்கே ஆறு நகரின் நடுவே புகுந்து, பழைய கடைவீடுகளின் பின்புறத்தை ஒட்டியவாறே ஓடிக் கடலைச் சேர்கின்றது. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ஒருசேர யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் எழுவர் கோப்பெங்கிலிருந்து மலாக்கா சென்று இரண்டு இரவுகள் தங்கி வந்தோம். அந்நகரின் கோட்டையையும் கோயில்களையும் பற்றி மாணவர்கள் பாடநூலிலேயே படித்திருப்பர். நாங்கள் எழுத விரும்புவது பயணத்திற்கு முன் செய்த ஒரு வேலையைப் பற்றி. எங்கே தங்குவது என்பதே அது. கேட்பதற்கு மிகச் சிறிய செய்தி போல் தோன்றும். ஆயின் எங்கள் வீட்டில் மூன்று வாரம் இரவு உணவு வேளையில் இதே பேச்சாக இருந்தது. எங்களைப் போன்று அளவான வருவாயில் வாழும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும் என்று கருதியே எழுதத் துணிந்தோம்.

எழுவர் யார் என்பதை முதலில் கூறிவிட வேண்டும். பாட்டி, பிள்ளைகளின் அத்தை, பெற்றோராகிய நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர். பிள்ளைகளில் மூத்தவள் ஆறாம் ஆண்டிலும் அடுத்தவன் மூன்றாம் ஆண்டிலும் பயில்கின்றனர். கடைக்குட்டிக்கு வயது இரண்டு. பாட்டி கோப்பெங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்தில் நின்று, மேடும் பள்ளமுமாகிய நிரைகளில் ஏறி இறங்கி, பால்வாளி சுமந்த கால்கள் அவருடையவை. இன்று அத்தோட்டத்தில் செம்பனை நிற்கிறது, லயங்களும் இல்லை. பாட்டியின் இரண்டு முழங்கால்களில் மட்டும் அந்த வேலை இன்னும் தங்கியிருக்கிறது. படியேறுவதென்றால் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவார்.

சென்ற தீபாவளி முதல் ஒரு மைலோ டின்னில் நாங்கள் சேர்த்த பணம் 1,300 வெள்ளி. உறவினர் ஒருவர் தம் வேனைக் கொடுத்துதவினார். கோப்பெங்கிலிருந்து மலாக்கா 300 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோலுக்கும் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கும் 300 வெள்ளி ஒதுக்கினோம். பகலுணவு, இரவுணவு, படகு ஆகியவற்றுக்கு 500 வெள்ளி. எஞ்சிய 500 வெள்ளிக்குள் ஏழு பேர் இரண்டு இரவு தங்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பாட்டி சொன்னது இதுதான்: “நான் வீட்டிலேயே இருக்கிறேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓர் ஆள் குறைந்தால் உங்களுக்கும் செலவு குறையும். காசு கொடுத்து எங்கேயோ போய்த் தூங்க வேண்டுமா?”

பாட்டியின் வியப்பில் பொருள் இல்லாமலில்லை. அவர் அறிந்த வரையில் வெளியூரில் தங்குவதென்றால் உறவினர் வீடு. அல்லது தைப்பூசத்தின்போது ஈப்போ குனோங் சீரோ கோயிலடியில் பாய் விரித்த இரவு. படுக்க இடம் தருவதற்குப் பணம் வாங்குவது அவருக்கு அறமாகத் தோன்றவில்லை. நம் முன்னோரும் அவ்வாறே எண்ணினர். தஞ்சைத் தரணியில் இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்காக மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டி, உணவும் உறைவிடமும் அளித்தனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் அமைத்த சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. வள்ளுவப் பெருந்தகையும் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். காலம் மாறிவிட்டது. இன்று சத்திரத்தின் இடத்தில் விடுதி நிற்கிறது. அறத்தின் இடத்தில் விலைப்பட்டியல் தொங்குகிறது. எனவே அப்பட்டியலைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வது நம் கடமையாகிறது.

மூன்று இடங்கள் எங்கள் கருத்துக்கு வந்தன.

முதலாவது, ஆற்றங்கரையிலேயே அமைந்த ஒரு பழைய கடைவீடு. சன்னலைத் திறந்தால் கீழே படகு போகும். இரண்டு அறைகள் போதும். அறை ஒன்றுக்கு இரவுக்கு 80 வெள்ளி. பிள்ளைகள் படத்தைப் பார்த்தவுடன் இதுதான் வேண்டும் என்றனர்.

இரண்டாவது, நகருக்குப் புறத்தே உயர்ந்து நிற்கும் அடுக்குமாடியில் மூன்று படுக்கையறை கொண்ட ஒரு வீடு. சமையலறையும் மின்தூக்கியும் உண்டு. இரவுக்கு 190 வெள்ளி.

மூன்றாவது, லிட்டில் இந்தியா என்று வழங்கும் பகுதிக்கு அருகே ஒரு சிறிய குடும்ப விடுதி. பெண்டஹாரா சாலையென்றும் தெமெங்கோங் சாலையென்றும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடிய தெருக்களை ஒட்டிய பகுதி அது. தரைத்தளத்தில் ஐவர் படுக்கும் பெரிய அறை 150 வெள்ளி. இருவர் படுக்கும் சிறிய அறை 90 வெள்ளி. ஆற்றங்கரைக்கு நடந்து போகலாம். ஆனால் சன்னலில் ஆறு தெரியாது.

எழுதிய விலையை மட்டும் பார்த்தால் இரண்டு இரவுக்கு முதலாவது 320 வெள்ளி. மூன்றாவது 480 வெள்ளி. வேறுபாடு 160 வெள்ளி. இதைக் கண்டு முதலாவதே சிக்கனம் என்று எவரும் சொல்வர். நாங்கள் மூத்த மகளிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, மூன்று விடுதிக்கும் தொலைபேசியில் கேட்டறிந்த எல்லாச் செலவையும் மூன்று பத்திகளாக எழுதச் சொன்னோம்.

ஆற்றங்கரைக் கடைவீட்டில் கூடுதல் மெத்தைகளுக்கு இரவுக்கு 20 வெள்ளி. இரண்டு இரவுக்கு 40. வேனை வெளியே நிறுத்த வேண்டும், அதற்கு 20. காலையுணவு கிடையாது, எழுவர் வெளியே உண்ண நாளுக்கு 35 வீதம் 70. ஆக மொத்தம் 450 வெள்ளி. அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டு இரவு வாடகை 380. துப்புரவுக் கட்டணம் என்று 50. நகருக்குள் வந்து வேனை நிறுத்த 20. காலையில் நாமே சமைக்கப் பொருள்கள் 20. ஆக மொத்தம் 470 வெள்ளி. இதன்றி 100 வெள்ளி முன்பணம் கட்டித் திரும்பும்போது பெற்றுக்கொள்ள வேண்டும். குடும்ப விடுதியில் ரொட்டியும் தேநீருமாகக் காலையுணவு உண்டு. வேன் நிறுத்த முற்றமும் உண்டு. அங்கே 480 வெள்ளிதான் முழுச் செலவு.

160 வெள்ளியாகத் தெரிந்த வேறுபாடு 30 வெள்ளியாகச் சுருங்கியது. மாணவச் செல்வங்களே, கூட்டல் கழித்தலை வகுப்பறையில் மட்டும் பயன்படும் வித்தை என்று எண்ணாதீர்கள்! எங்கள் மகள் அன்று போட்ட கணக்குக்கு ஆசிரியர் மதிப்பெண் இடவில்லை. ஆனால் குடும்பத்தின் பணம் காக்கப்பட்டது.

அடுத்து, பணத்தால் அளக்க முடியாதவற்றைக் கேட்டோம். கடைவீட்டார் நேர்மையாகவே விடை சொன்னார். அறைகள் மாடியில் உள்ளன. ஏறுவதற்குச் செங்குத்தான மரப்படிகள். அறைகளில் ஒன்றுக்குத்தான் ஆற்றைப் பார்த்த சன்னல்; மற்றொன்று கட்டடத்தின் நடுவில் இருப்பதால் சன்னலே இல்லை. குளியலறை கீழே, எல்லார்க்கும் பொது.

நீர்நகரங்களில் இது இயற்கை. கரையோர நிலம் அருமையானது. படகிலிருந்து சரக்கு இறக்க ஒவ்வொரு வணிகனும் நீரை ஒட்டி ஓரிடம் வேண்டுவான். அதனால் முகப்பு குறுகி, வீடு உள்நோக்கி நீண்டுவிடுகிறது. மலாக்காவின் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்து வெளிச்சமும் காற்றும் வரச் செய்தனர். ஆம்ஸ்டர்டாம் நகரின் கால்வாய் வீடுகளும் அவ்வாறே குறுகியவை. அவற்றின் படிகள் ஏணி போன்று செங்குத்தானவை. ஆகவே தட்டுமுட்டுப் பொருள்களை வீட்டின் உச்சியிலுள்ள கொக்கியில் கயிறு கட்டி வெளிப்புறமாகவே மேலே இழுப்பர். வெனிஸ் நகரிலோ மோட்டார் வண்டி நுழையாது. மூட்டைகளைச் சுமந்து பாலப்படிகள் ஏறி இறங்கியே விடுதியை அடைய வேண்டும். அழகான கரையோர அறை என்று படம் காட்டுவது உண்மைதான். அந்த அழகுக்கும் நமக்கும் இடையே எத்தனை படிகள் என்பதைப் படம் காட்டுவதில்லை.

அன்றிரவு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினோம். “படகு தெரியும் சன்னல் வேண்டுமா, பாட்டி வேண்டுமா?” என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் பாட்டி என்றுதான் சொல்லும். பின்பு அந்தச் சன்னல் பாட்டியால் போயிற்று என்று மனத்துள் வைத்துக்கொள்ளும். மாறாக, ஒரு நாளை எப்படிக் கழிப்போம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னோம். காலையில் வெளியே போய், நண்பகல் வெயிலில் அறைக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் புறப்பட்டு, இரவில் வந்து படுக்க வேண்டும். இரவில் பாட்டி குளியலறைக்கு இறங்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த மூன்றாம் ஆண்டுப் பையன், “அப்படியானால் பாட்டி மேலே ஏறினால் மறுபடி இறங்கவே மாட்டார்கள்” என்றான். உண்மை அதுவே. அந்த விடுதியில் பாட்டி தங்கியிருப்பார்; மலாக்காவைப் பார்த்திருக்க மாட்டார்.

அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கி உண்டு என்பது நலமே. ஆனால் எதற்கும் வேனை எடுக்க வேண்டும். களைத்தவர் ஒருவர் அறைக்குத் திரும்ப விரும்பினால் எழுவரும் திரும்ப வேண்டும். மேலும் சமையலறை இருந்தால் சமைக்கப் போவது யார்? வீட்டில் ஆண்டு முழுதும் அடுப்படியில் நிற்கும் பெண்கள் விடுமுறையிலும் அடுப்படியில் நிற்பது எங்களுக்கு உடன்பாடாகவில்லை.

ஆகவே மூன்றாவது விடுதியை முடிவு செய்தோம். பாட்டிதான் விடவில்லை. “முப்பது வெள்ளியா? நான் ஒரு வாரம் பால்வெட்டினாலும் அந்தக் காலத்தில் அவ்வளவு கையில் நிற்காது. என் காலுக்காக அதைச் செலவழிக்காதீர்கள்” என்றார். நாங்கள் அவருக்குச் சொன்ன விடை: “அம்மா, அந்தக் கால்கள் வெட்டிய மரங்களில்தான் நாங்கள் படித்தோம். முப்பது வெள்ளி கடனில் ஒரு காசுகூட ஆகாது.” பாட்டி அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை தம் நல்ல சேலைகள் இரண்டை எடுத்து வெயிலில் போட்டிருந்தார்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கனம் உண்டு. மலாக்காவின் ஜோங்கர் சாலையில் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் சந்தை கூடும். அந்நாள்களில் கூட்டமும் மிகுதி. பல விடுதிகளில் விலையும் ஏறும். நாங்கள் ஞாயிறு பகலில் சென்று செவ்வாய்க்கிழமை திரும்பினோம். இரவுச் சந்தையையும் ஒரு நாள் கண்டோம். திங்கட்கிழமை அமைதியான கரையிலும் நடந்தோம். விடுதியில் அடையாள அட்டையைக் காட்டினோம். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் விடுதி அறைகளுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி விதிக்கப்படுகிறது. அது வெளிநாட்டுப் பயணிகளுக்கே உரியது. நம் நாட்டுக் குடிமக்கள் செலுத்த வேண்டுவதில்லை என்பதை யாவரும் அறிந்திருத்தல் நன்று.

மலாக்கா ஆறு ஒரு காலத்தில் கழிவு சேர்ந்து நாறிக் கிடந்தது. பின்னர் அதனைத் துப்புரவு செய்து, இரு கரையிலும் நடைபாதை அமைத்தனர். திங்கள் மாலை பாட்டி அந்த நடைபாதையில் தம் காலாலேயே நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். நிற்கும்போதெல்லாம் ஒரு படகைப் பார்த்தார். இரவில் படகேறியும் சென்றோம். விளக்கொளி நீரில் நடுங்குவதைக் கண்டு கடைக்குட்டி கைதட்டினாள்.

பொற்கொல்லர் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயிலுக்கும் போனோம். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1781ஆம் ஆண்டில் எழுந்த கோயில் அது. அருகிலேயே 1748ஆம் ஆண்டில் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அதற்கும் முற்பட்ட செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் ஒரே நடையில் எட்டும் தொலைவில் நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டனர்.

காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியையும் பார்த்தோம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து தங்கிய தமிழரின் வழிவந்தோர் அங்கே வாழ்கின்றனர். அவர்களின் வீட்டுமொழி மலாய். வணங்கும் தெய்வங்களோ நம் தெய்வங்களே. ஒரு வீட்டு வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியுடன் பாட்டி தோட்டத்து மலாயில் நெடுநேரம் பேசினார். பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் படையல் வைப்பது பற்றி இருவரும் பேசிக்கொண்டனர். மொழி ஒருவர்க்கு மறைந்து மற்றவர்க்கு நின்றிருக்கிறது. படையல் இலை இருவர்க்கும் நின்றிருக்கிறது. நம் பிள்ளைகள் இப்பள்ளியில் தமிழ் பயில்வதன் அருமையை நாங்கள் அவ்வாசலில் உணர்ந்தோம். பாட்டி வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த உரையாடல் நிகழ்ந்தே இராது. பேசத் தெரிந்தவர் எங்களுள் அவர் ஒருவரே.

விடுதியில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டி வழக்கம்போல் நான்கு மணிக்கே எழுந்துவிட்டார். நாங்கள் கண்விழித்தபோது அவர் தம் போர்வையை மடித்து, விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து, கிடந்த தாள்களைப் பொறுக்கி ஒரு பையில் கட்டியிருந்தார். “அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள், பாட்டி” என்றாள் மூத்தவள். “அந்த ஆளும் என்னைப் போல் விடியுமுன் எழுந்து வருகிறவள்தானே, அம்மா! இத்தனை அறையையும் அவள் ஒருத்தியே குனிந்து நிமிர வேண்டும்” என்றார் பாட்டி. மறுநாள் காலை மூவரும் தத்தம் போர்வையைத் தாமே மடித்தனர். கடைக்குட்டி தலையணையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். புறப்படும்போது துப்புரவுப் பணியாளரான அந்த அம்மையாரிடம் பாட்டி கைகூப்பி விடைபெற்றார்.

பெற்றோர்களே, நீங்களும் ஒருநாள் பிள்ளைகளுடன் வெளியூர் சென்று தங்கக்கூடும். விடுதியை முடிவு செய்யுமுன் சிலவற்றை வெட்கப்படாமல் கேளுங்கள். அறை எந்தத் தளத்தில் உள்ளது, எத்தனை படிகள், சன்னல் உண்டா, கழிவறை அறைக்குள்ளா வெளியிலா, ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம், கூடுதல் மெத்தைக்கு என்ன விலை, காலையுணவு சேர்ந்ததா, வண்டி எங்கே நிற்கும், முன்பணம் எப்போது திரும்பும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீரோரம் என்று சொன்னால் தெருப்பெயரைக் கேட்டு வரைபடத்தில் பாருங்கள். அகலமாகத் தோன்றும் படத்தை நம்பாமல் அறை எத்தனை அடி என்று கேளுங்கள். ஏழை எளியவர் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த விடுதியிலும் எழுதி வைக்கவில்லை. குறைந்த பணம் கொண்டு செல்பவருக்கே கேள்விகள் மிகுதியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் முதலாவதாக, போகிறவர்களுள் நடக்க இயலாதவர் யார், பசி பொறுக்காதவர் யார், இரவில் விழிப்பவர் யார் என்று எண்ணுங்கள். அவருக்கு ஏற்ற அறை மற்ற எல்லார்க்கும் ஏற்றதாகவே இருக்கும். வலியவருக்கு ஏற்ற அறை எளியவரை வீட்டிலேயே நிறுத்திவிடும். விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் உண்மையில் யாரை உடன் அழைத்துச் செல்கிறோம் என்பதையே தேர்ந்தெடுக்கிறோம். குடும்பம் என்னும் சொல்லில் பாட்டியும் அடங்குவார் என்று பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக் கொடுப்பதைவிட, தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்துக் காட்டுவது மேலானது.